பதறாத குரல்

சுழலும் கறுப்புத் தட்டுகள் - 17

போன வாரம் அரீதா ஃப்ராங்க்ளினோடு 1967-ல் நின்றிருந்தோம். டெட்ராய்ட் நகரத்துப் போதகர் ஒருவரின் மகள், தேவாலயத்தில் பழகிய தொண்டையைத் திறந்து 'ரெஸ்பெக்ட்' பாடினார். சோல் இசை என்றால் இதுதான் என்று ஊர் உலகம் முடிவு கட்டிவிட்டது. கைதட்டல், வியர்வை, மேல் ஸ்தாயிக்கு ஏறிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும் கூவல். ஜேம்ஸ் பிரவுன் மேடையில் முழங்காலிட்டு விழுவார். ஓட்டிஸ் ரெடிங் மூச்சிரைக்க மன்றாடுவார்.

இரண்டு வருடம் கழித்து அதே அட்லாண்டிக் நிறுவனம் இன்னொரு பெண்ணின் தட்டை வெளியிட்டது. அவரும் தேவாலயத்தில் வளர்ந்தவர். அவருக்கும் பேச்சு வந்த கையோடு பியானோ வந்திருந்தது. ஆனால் இந்தத் தட்டில் குரலை உயர்த்திப் பாடிய இடங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். மற்ற நேரமெல்லாம், அடுத்த சொல் எப்போது வரும் என்று நாம் ஏங்குகிறவரை காத்திருந்து, அப்புறம்தான் அதை எடுத்து வைக்கிறார்.

பாடகி ரொபெர்டா ஃபிளாக். தட்டின் பெயர் 'ஃபர்ஸ்ட் டேக்'. சினிமா ஷூட்டிங்கில் முதல் டேக்கிலேயே ஓகே என்பார்களே, அந்த டேக்தான். 1969 பிப்ரவரியில் நியூயார்க்கில் அட்லாண்டிக்கின் ஸ்டூடியோவில் பதிவானது. எட்டுப் பாட்டு, சுமார் 46 நிமிடம். பதிவுக்கு ஆன மொத்த நேரம் பத்து மணி. ஒரு வேலை நாளைவிடக் கொஞ்சம் கூடுதல்.

பத்து மணி நேரத்தில் செய்த தட்டு என்றால் பரபரப்பு தெரிய வேண்டும். இதில் எங்கே தேடினாலும் கிடைக்காது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஆனால் பதறாமல் இருக்க ஒருவர் எத்தனை நாள் பழகியிருக்க வேண்டும்? அரீதா முதல்முறை ஒலிப்பதிவு செய்தபோது வயது 14. ரொபெர்டாவின் முதல் தட்டு வந்தபோது அவருக்கு 32. அந்த 32 வருடக் கணக்கைப் பார்த்துவிட்டுத் தட்டுக்குள் போகலாம்.

பச்சை பியானோ

1937 பிப்ரவரி 10 அன்று வட கரோலினாவின் பிளாக் மௌன்டன் என்ற மலையூரில் பிறந்தார். வளர்ந்தது வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில். பொட்டோமாக் ஆற்றைத் தாண்டினால் தலைநகர் வாஷிங்டன். அப்பா அரசு அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். அம்மா தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். புதுப் பியானோ வாங்குகிற வசதி இல்லை. ஒருநாள் அப்பா காயலான் கடையிலிருந்து பழைய பியானோ ஒன்றைக் கொண்டுவந்தார். துடைத்து, பழுது பார்த்து, பச்சைப் பெயின்ட் அடித்து மகள் முன்னால் வைத்தார். அந்தப் பியானோவை ரொபெர்டா கடைசிவரை மறக்கவில்லை. எண்பது வயது தாண்டிய பிறகு, 2023-ல், அதைப் பற்றிக் குழந்தைகளுக்கென்றே ஒரு புத்தகம் வெளியிட்டார்.

அவருடைய குழந்தைப் பருவத்தில் இரண்டு தேவாலயங்கள் இருந்தன. ஒன்று குடும்பம் போகும் மெதடிஸ்ட் தேவாலயம். அங்கே எல்லாம் ஒழுங்கு. ஸ்வரத்தாளைப் பார்த்துத்தான் பாட்டு. பாடகர் குழுவுக்கு ரொபெர்டா பியானோ வாசிப்பார். இன்னொன்று கொஞ்ச தூரத்தில் இருந்த பாப்டிஸ்ட் தேவாலயம். அங்கே பாட்டு தாளில் இல்லை, உடம்பில் இருந்தது. மஹாலியா ஜாக்சனும் இளம் சாம் குக்கும் வந்து பாடியதை அங்கேதான் கேட்டார். முதல் தேவாலயம் அவருக்கு அடக்கத்தைக் கற்றுக்கொடுத்தது, இரண்டாவது எதை அடக்கி வைக்க வேண்டும் என்று காட்டியது. பிற்பாடு அவர் பாடிய எல்லாவற்றிலும் இந்த இரண்டு கட்டடங்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

ஒன்பது வயதில் மேற்கத்திய சாஸ்திரிய இசை வகுப்பு தொடங்கியது. 13 வயதில் ஸ்கார்லாட்டியின் சொனாட்டா ஒன்றை வாசித்து மாநிலப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினார். கறுப்பின மாணவர்களுக்கென்று தனியாக நடந்த போட்டி அது. பள்ளிக்கூடம் தனி, பேருந்தில் இருக்கை தனி, பரிசும் தனி என்றிருந்த வர்ஜீனியா. 15 வயதில் முழு உதவித்தொகையோடு வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். காதில் ஹார்வர்ட் என்று விழுந்துவிடக் கூடாது. இது கறுப்பின மாணவர்களுக்காக 1867-ல் தொடங்கிய ஹோவர்ட்.

கச்சேரி மேடையில் பியானோ வாசிக்க வேண்டும் என்பதுதான் கனவு. பாஹ், ஷோப்பான், ஷூமான் என்று விரல்கள் தயாராகிக்கொண்டிருந்தன. ஆனால் அந்த மேடையில் கறுப்பினப் பெண்ணுக்கு இடம் கிடைப்பது கடினம், ஆசிரியர் பயிற்சியை எடுத்துக்கொள் என்று பல்கலைக்கழகத்திலேயே அறிவுரை வந்தது. சொன்னவர்களைக் குறை சொல்ல முடியாது. இதே வாசலில் முட்டித் திரும்பியவர்கள் அப்போதே பலர். 1951-ல் ஃபிலடெல்ஃபியாவின் கர்டிஸ் இசைப்பள்ளியில் இடம் மறுக்கப்பட்ட ஒரு பியானோக்காரி, தன் தோல் நிறம்தான் காரணம் என்று சாகும்வரை நம்பினார். வயிற்றுப்பாட்டுக்காக மதுக்கூடத்தில் பாடப் போன அவரை உலகம் நினா சிமோன் என்ற பெயரில் அறிந்தது.

பக்கவாத்தியக்காரியின் காது

ரொபெர்டா ஆசிரியர் ஆனார். 1959-ல் அப்பா இறந்துபோக, மேற்படிப்பை விட்டுவிட்டு வட கரோலினாவின் ஃபார்ம்வில் என்ற சிற்றூருக்கு வேலைக்குப் போனார். இசையும் ஆங்கிலமும் சொல்லித்தர வேண்டும். ஆண்டுச் சம்பளம் 2,800 டாலர். பிறகு வாஷிங்டனுக்குத் திரும்பி அரசுப் பள்ளிகளில் பல வருடம் பாட்டு டீச்சர். வீட்டில் தனியாகப் பியானோ வகுப்பும் எடுத்தார்.

மாலையில் இன்னொரு வேலை. ஜார்ஜ்டவுன் பகுதியில் டிவோலி என்றொரு உணவகம். சாப்பிட வருகிறவர்களுக்கு ஓபரா பாடுவார்கள். அவர்களுக்குப் பியானோ வாசிப்பது ரொபெர்டா. இடைவேளையில் பின்னறையில் இருந்த இன்னொரு பியானோவில் உட்கார்ந்து புளூஸ், நாட்டுப்பாடல், சினிமாப் பாட்டு என்று தனக்குத் தோன்றியதைப் பாடிக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் குரல் பயிற்சிக்கும் போனார். உன் எதிர்காலம் ஓபராவில் இல்லை, இடைவேளையில் பாடுகிறாயே, அதில்தான் இருக்கிறது என்று அவருடைய குரல் ஆசிரியர் சொன்னார். முதலில் மனம் நொந்தாலும் பிறகு அந்தப் பேச்சைக் கேட்டார்.

என் பார்வையில் ரொபெர்டாவின் கலைக்கு அடிவாரம் இங்கேதான். பாடகர் குழுவுக்கு, ஓபராக்காரர்களுக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று ஏறக்குறைய இருபது வருடம் அவர் பக்கவாத்தியம் வாசித்தார். பக்கவாத்தியம் வாசிப்பவருக்கென்று ஒரு காது உண்டு. பாடுகிறவர் எங்கே மூச்செடுப்பார், எந்த எழுத்தில் நின்று விளையாடுவார், இன்றைக்குத் தொண்டை ஒத்துழைக்கிறதா என்பதெல்லாம் அந்தக் காதுக்குத் தெரியும். தன் விரலுக்கு எவ்வளவு வித்தை தெரிந்தாலும் அடுத்தவர் சொல்லுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கவும் தெரியும். அப்படிப்பட்ட ஒருவர் ஒருநாள் தானே பாட வந்தால் எப்படி இருக்கும்? தன்னையே இன்னொருவராக வைத்துப் பக்கவாத்தியம் வாசிப்பார். 'ஃபர்ஸ்ட் டேக்' அப்படி ஒரு தட்டு.

மூன்று மணி நேரத்தில் 42 பாட்டு

1968-ல் வாஷிங்டனின் கேப்பிட்டல் ஹில் பகுதியில் மிஸ்டர் ஹென்றீஸ் என்ற உணவகத்தில் அவருக்கு நிரந்தரமாகப் பாட இடம் கிடைத்தது. டீச்சர் வேலையை விட்டார். அமெரிக்காவுக்கு அது கொடிய வருடம். ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஷிங்டன் தெருக்கள் பற்றி எரிந்தன. வியட்நாமிலிருந்து சவப்பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. அந்த நகரத்தில், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் உட்கார்ந்து இந்தப் பெண்ணைக் கேட்டார்கள். கூட்டம் கூடக் கூட, உணவகத்தின் உரிமையாளர் மாடியை இடித்துக் கட்டி, ஒலி அமைப்பு வைத்து, அவருக்கென்றே ஓர் அறை உண்டாக்கினார்.

லெஸ் மெக்கேன் என்ற ஜாஸ் பியானோக்காரர் அவரைக் கேட்டது இந்தச் சமயத்தில்தான். தேவாலயத் தாளத்தை ஜாஸில் கலந்து வாசிப்பதில் பேர்போனவர் மெக்கேன். ஒரு பாட்டுக்காரரின் அருமை இன்னொரு பாட்டுக்காரருக்குத் தெரியாதா? தான் ஒப்பந்தமாகியிருந்த அட்லாண்டிக் நிறுவனத்தில் தயாரிப்பாளர் ஜோயல் டோர்னிடம் சொல்லி வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார். பிற்பாடு தட்டின் அட்டைக் குறிப்பையும் அவரே எழுதினார். தேர்வுக்கு வந்த ரொபெர்டா மூன்று மணி நேரத்தில் 42 பாட்டுப் பாடினார். ஓரிரண்டு பாட்டோடு போயிருக்கலாம். இடைவேளைகளிலும் இரவுகளிலும் சேர்த்து வைத்த சரக்கு முழுவதையும் அவிழ்த்துக் காட்டினார். 1968 நவம்பரில் மாதிரிப் பதிவு. அன்றைக்குப் பத்து மணி நேரத்துக்குள் 39 பாட்டு. பிப்ரவரியில் தட்டைப் பதிய உட்கார்ந்தபோது எதையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. மாடி அறையில் இரவு இரவாகப் பாடித் தேய்த்த பாட்டுகள். எட்டைப் பொறுக்கி எடுத்ததுதான் வேலை.

ஊசியை வைப்போம்

முதலில் கேட்பது குரலும் அல்ல, பியானோவும் அல்ல. டபுள் பாஸ். கனத்த நான்கு கம்பிகளில் ஒருவர் விரலால் தட்டித் தட்டி நடக்கிறார். அவர் ரான் கார்ட்டர். மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற ஐவர் குழுவில் 1963 முதல் 1968 வரை வாசித்துவிட்டு வந்தவர். ரொபெர்டா பிறந்த அதே 1937-ல் பிறந்தவர். இருவருக்கும் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. கார்ட்டர் முதலில் கற்றது செல்லோ. ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் முறையாகப் படித்து, சிம்ஃபனி இசைக்குழுவில் சேரும் ஆசையோடு வளர்ந்தார். கறுப்பருக்கு அந்த நாற்காலி கிடையாது என்று புரிந்தபோது ஜாஸ் பக்கம் திரும்பினார். சாஸ்திரிய மேடை வாசலில் நிறுத்தி வைத்த இரண்டு பேர் ஸ்டூடியோவில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டின் அடித்தளம் இந்த இரண்டு பேர்தான். கூடவே கிதாரில் பக்கி பிஸரெல்லி, டிரம்ஸில் ரே லூகஸ். தேவைப்பட்ட இடங்களுக்கு வயலின்களையும் ஊதுகருவிகளையும் எழுதிச் சேர்த்தவர் வில்லியம் ஃபிஷர்.

அந்த முதல் பாட்டு 'கம்பேர்டு டு வாட்'. ஜீன் மெக்டேனியல்ஸ் எழுதியது. போர் எதற்கென்று தெரியாமல் நடக்கிறது, கேள்வி கேட்டால் தேசத்துரோகம் என்கிறார்கள், எல்லாம் போலி என்று நக்கலும் கோபமுமாகப் போகிற பாட்டு. இதே பாட்டை அதே 1969 ஜூனில் லெஸ் மெக்கேனும் எடி ஹாரிஸும் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ விழாவில் வாசித்தார்கள்; கூட்டம் துள்ளியது, அந்தப் பதிவு பெரும் வெற்றி கண்டது. அதில் இருப்பது ஊர்வலத்தின் கோபம். ரொபெர்டாவின் கோபம் வேறு மாதிரி. வகுப்பில் சத்தம் போடுகிற பையனை ஒன்றுமே பேசாமல் பார்க்கிற டீச்சரின் கோபம்.

அடுத்தது ஸ்பானிய மொழிப் பாட்டு, 'ஆன்ஹெலிட்டோஸ் நெக்ரோஸ்'. வெனிசுலாக் கவிஞர் ஆண்ட்ரெஸ் எலோய் பிளாங்கோவின் கவிதையிலிருந்து பிறந்தது. 1948-ல் மெக்சிகோவில் இதே பெயரில் சினிமாவே வந்தது. தேவாலயச் சுவரில் தேவதைகளை வரைகிற ஓவியனிடம், கறுப்புத் தேவதையை ஏன் ஒருநாளும் வரையவில்லை என்று கேட்கிற பாட்டு. அறிமுகத் தட்டில் இரண்டாவது பாட்டே அந்நிய மொழியில், அதுவும் ஏழு நிமிடத்துக்குப் பக்கத்தில். எந்த வியாபாரி ஒப்புக்கொள்வார்? ஓபரா பயிற்சி முழுவதும் இந்தப் பாட்டில் எட்டிப் பார்க்கிறது. வயலின்கள் அலையடிக்க, குரல் சன்னமாகத் தொடங்கிக் கடைசியில் நிமிர்ந்து நிற்கிறது. கேள்வி கேட்கும் குரல் கெஞ்சும் குரலாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதில் அத்தனை கவனம்.

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'ஐ டோல்ட் ஜீசஸ்'. அடிமைக் காலத்துப் பக்திப் பாடல் மரபிலிருந்து வந்தது. தன் பெயரை மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்று ஓர் ஆத்மா ஏசுவிடம் சொல்கிறது. மாற்றினால் உலகம் உன்னை வெறுக்கும் என்று எச்சரிக்கை வருகிறது. கப்பலில் கொண்டுவரப்பட்டு, சொந்தப் பெயர் பறிபோய், முதலாளியின் பெயரைச் சுமந்த மக்களின் சந்ததி இதைப் பாடும்போது 'பெயர்' என்ற சொல் எவ்வளவு கனக்கும்! இந்தப் பாட்டை இன்னொருவர் எடுத்தால் மூன்றாவது நிமிடத்தில் கூரையைத் தொட்டிருப்பார். ரொபெர்டா ஆறு நிமிடமும் பிரார்த்தனையின் தாழ்குரலிலேயே நகர்கிறார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே பியானோ பதில் சொல்கிறது. போதகர் ஒரு வரி சொல்ல, சபை திருப்பிச் சொல்கிற பழைய வழக்கம்தான். இங்கே போதகரும் அவரே, சபையும் அவரே. 1972 அக்டோபரில், அமெரிக்கப் பெரிய லீக் பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனின் இறுதிச் சடங்கில் ரொபெர்டா பாடியது இந்தப் பாட்டைத்தான்.

இரண்டாம் பக்கம் லெனார்ட் கோஹன் எழுதிய பிரிவுப் பாட்டோடு தொடங்குகிறது. கனடாவின் யூதக் கவிஞர் எழுதியதும் தேவாலயப் பெண் பாடுவதும் ஒன்றோடொன்று உரசுவதே இல்லை. 'ட்ரையிங் டைம்ஸ்', ஹோவர்டில் படித்த இரண்டு இளைஞர்கள், டோனி ஹாத்தவேயும் லீராய் ஹட்சனும் எழுதியது. ஹாத்தவேயின் இன்னொரு பாட்டு முதல் பக்கத்தில் இருக்கிறது. அவரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், கொஞ்சம் பொறுங்கள். கடைசிப் பாட்டு 'பேலட் ஆஃப் த சேட் யங் மென்', 1959-ல் வந்த ஒரு மேடை இசை நாடகத்திலிருந்து எடுத்தது. இரவு மதுக்கூடங்களில் வயதாகிக்கொண்டிருக்கும் இளைஞர்களின் தனிமை. ஏழு நிமிடம். மிஸ்டர் ஹென்றீஸ் ஓரினக் காதலர்களும் கூச்சமின்றி வந்துபோன இடம். அங்கே பாடியவருக்கு இந்தப் பாட்டின் ஆட்கள் மேசைக்கு மேசை உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று வருடம் தூங்கிய பாட்டு

இரண்டாம் பக்கத்தில் இரண்டாவது பாட்டை வேண்டுமென்றே தாண்டி வந்தேன். 'தி ஃபர்ஸ்ட் டைம் எவர் ஐ சா யுவர் ஃபேஸ்'. எழுதியவர் ஆங்கிலேய நாட்டுப்பாடல் கலைஞர், கம்யூனிஸ்ட், நாடகக்காரர் இவான் மெக்கால். 1957-ல் தன் காதலி, அமெரிக்கப் பாடகி பெக்கி சீகருக்காக எழுதியது. அறுபதுகளில் நாட்டுப்பாடல் குழுக்கள் பல இதைப் பாடின. கிதார் மீட்டிச் சரசரவென்று மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள்.

ரொபெர்டாவின் வடிவம் ஐந்து நிமிடம் 22 விநாடி. நம் ஊர் இசைச் சொல்லில் சொன்னால் சவுக்க காலம். கிதார் இரண்டு மூன்று கம்பிகளை மீட்டுகிறது, அடியில் பாஸ் மெல்ல வந்து நிற்கிறது. பாடகி வருவதாக இல்லை. வந்து முதல் சொல்லை எடுத்ததும் அதைக் கீழே வைக்க மனசில்லாதவர்போல் ஏந்திக்கொண்டு நிற்கிறார். கார்வை நீள்கிறது. பியானோ ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு ஒதுங்குகிறது. மெட்டில் ஒன்றுமே மாற்றவில்லை. நேரத்தை மட்டும் மாற்றியிருக்கிறார். மெக்கால் எழுதியது காதலின் பூரிப்பு என்றால், இவர் பாடுவது அந்தப் பூரிப்பை இன்னும் நம்ப முடியாமல் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் கை. காதல் பாட்டுக்குத் தேவாலயத்து முழங்கால். சோல் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பொருள் எனக்குத் தெரியவில்லை.

1969 ஜூனில் தட்டு வெளியானது. பெரிய சலனம் இல்லை. ரொபெர்டா 1970-ல் ஒரு தட்டு, 1971-ல் ஒரு தட்டு என்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கலிஃபோர்னியாவில் ஒரு நடிகர் காரில் போகும்போது வானொலியில் இந்தப் பாட்டைக் கேட்டார். கிளின்ட் ஈஸ்ட்வுட். கௌபாய்ப் படங்களில் துப்பாக்கி தூக்கிய அதே ஈஸ்ட்வுட், முதல்முறையாக ஒரு படத்தை இயக்கிக்கொண்டிருந்தார். 'ப்ளே மிஸ்டி ஃபார் மீ'. இரவு வானொலியில் ஜாஸ் ஒலிபரப்பும் ஒருவனின் கதை. ரொபெர்டாவுக்குப் போன் போட்டு, பாட்டைப் படத்தில் வைக்க 2,000 டாலர் தருவதாகச் சொன்னார். சம்மதித்த ரொபெர்டா ஒன்று கேட்டுக்கொண்டாராம்: திரும்பப் பாடித் தருகிறேன், பாட்டு ரொம்ப மெதுவாக இருக்கிறது. ஈஸ்ட்வுட் மறுத்துவிட்டார். மெதுவாக எல்லாம் இல்லை, இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார்.

பதிவின்போது தயாரிப்பாளர் டோர்னும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாமே என்று சொல்லிப் பார்த்தவர்தான். அன்றைக்கு ரொபெர்டா அசையவில்லை. தட்டு கவனிக்கப்படாமல் கிடந்ததும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது பாருங்கள். எத்தனை உறுதியான கலைஞரையும் உலகத்தின் மௌனம் அரித்துவிடும். நல்லவேளை, ஒரு ரசிகர் குறுக்கே நின்றார்.

1971-ல் படம் வந்தது. திரையில் காதலர்கள் நடந்துபோக, இந்தப் பாட்டு நின்று நிதானமாக ஒலித்தது. தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்கள் பாட்டைத் தேட ஆரம்பித்தார்கள். வானொலிக்காக ஒரு நிமிடத்துக்கு மேல் வெட்டிச் சுருக்கித் தனித்தட்டாக வெளியிட்டது அட்லாண்டிக். 1972 ஏப்ரலில் பில்போர்டு பட்டியலில் முதலிடம். ஆறு வாரம் இறங்கவில்லை. அந்த ஆண்டின் முதல் பாட்டும் அதுவே. மூன்று வருடப் பழைய 'ஃபர்ஸ்ட் டேக்' ஆல்பம் பட்டியலின் உச்சிக்குப் போனது. 1973-ல் ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி விருது ரொபெர்டாவுக்கும், சிறந்த பாடலுக்கானது மெக்காலுக்கும் போயின. அடுத்த வருடம் 'கில்லிங் மீ சாஃப்ட்லி'க்காக அதே சிறந்த பதிவு விருது மறுபடி ரொபெர்டாவுக்கு. இரண்டு வருடம் அடுத்தடுத்து அதை வாங்கிய முதல் கலைஞர் அவர்.

நீறு பூத்த நெருப்பு

எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. சில அமெரிக்க விமர்சகர்களுக்கு இந்த நிதானம் பிடிக்கவே இல்லை. ரொம்ப மழமழப்பு, படித்த பெண்ணின் பாட்டு, இதில் சோல் எங்கே இருக்கிறது என்று எழுதினார்கள். வியர்த்தால்தான் சோல், கதறினால்தான் கறுப்பிசை என்ற கணக்கு அது. தேவாலயம் என்றால் அவர்களுக்கு அந்தப் பாப்டிஸ்ட் கட்டடம் மட்டும்தான் தெரிந்திருந்தது; ஸ்வரத்தாளை விரித்து வைத்துக்கொண்டு கறுப்பினக் குழந்தைகள் பாடிய பக்கத்துக் கட்டடம் கண்ணில் படவில்லை. சாஸ்திரிய மேடை, உன் நிறம் பொருந்தாது என்றது. சோல் இசையின் காவலர்கள், உன் படிப்பு பொருந்தாது என்றார்கள். இரண்டு தரப்புக்கும் அவர் வாயால் பதில் சொல்லவில்லை. 1971-ல் வந்த மூன்றாவது தட்டுக்கு 'குவயட் ஃபயர்' என்று பெயர் வைத்தார். சத்தம் போடாத நெருப்பு என்று சொல்லலாம். நம்மிடம் அதற்கு இன்னும் பழைய சொல் இருக்கிறது: நீறு பூத்த நெருப்பு. மேலே சாம்பல். கை வைத்தால் தெரியும்.

அந்தச் சூடு எங்கெல்லாம் பரவியது என்பது தனிக் கதை. 1976-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் வானொலியில் மெல்வின் லின்ட்ஸி என்ற மாணவர் இரவு நேரத்தில் மென்மையான சோல் பாட்டுகளை மட்டும் ஒலிபரப்பத் தொடங்கினார். ஸ்மோக்கி ராபின்சனின் பாட்டொன்றிலிருந்து எடுத்து நிகழ்ச்சிக்கு 'குவயட் ஸ்டார்ம்' என்று பெயர். அது நாடு முழுக்க ஒரு வானொலிப் பாணியாகவே ஆனது. ரொபெர்டா போட்டுக் கொடுத்த பாதையில், அவர் படித்த இடத்திலிருந்தே கிளம்பிய வண்டி. 1996-ல் ஃப்யூஜீஸ் குழு 'கில்லிங் மீ சாஃப்ட்லி'யை மறுபடி பாடியபோது, அவர் பெயரே கேள்விப்படாத ஒரு தலைமுறை அந்த மெட்டை முணுமுணுத்தது.

டீச்சர் மட்டும் அவருக்குள் ஓய்வு பெறவே இல்லை. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிப் பள்ளி ஒன்றில் வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாக இசை சொல்லித்தர ஏற்பாடு செய்தார். 2022-ல் அவருக்கு ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் என்று அறிவித்தார்கள். தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும் நோய், பாடுவது நின்றுபோனது. பச்சை பியானோ புத்தகம் அதற்கடுத்த வருடம் வந்ததுதான். குரல் போன பிறகும் குழந்தைகளுக்கு எதையாவது சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறார். 2025 பிப்ரவரி 24 அன்று, 88-வது வயதில் காலமானார்.

'ஃபர்ஸ்ட் டேக்'கை ஏற்கெனவே கேட்டவர்களுக்கு ஒரு யோசனை. இரண்டாம் பக்கத்து இரண்டாவது பாட்டை அடுத்த முறை போடும்போது குரலை விட்டுவிடுங்கள். பியானோவை மட்டும் பின்தொடருங்கள். ஒரு வரி முடியும், மௌனம் விழும். வேறு எந்த வாசிப்பாளராக இருந்தாலும் அந்த இடத்தை விரலால் நிரப்பியிருப்பார். இந்தப் பியானோ கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாடுகிறவர் மூச்செடுத்து, மனசை ஒருமுகப்படுத்திக்கொண்டு, அடுத்த சொல்லுக்கு வரும்வரை அதற்கு எந்த அவசரமும் இல்லை.

(அடுத்த வாரம்: ரொபெர்டாவின் பியானோவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த டோனி ஹாத்தவே. கூட்டம் பாட, பாடகர் கேட்டுக்கொண்டிருந்த 1972-ன் நேரடிப் பதிவு.)